மூளைய கம்ப்யூட்டர்ல கட்டுறோம்னு கிளம்புனாங்களே, கடைசில என்னதான் ஆச்சு?

கடைமடைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். தண்ணி திறப்பு, நெல்லு விலை தவிர நான் இங்க எதுவும் போட்டதில்ல, இது வேற விஷயம். எங்க அக்கா மக தஞ்சாவூர் பக்கம் ஒரு காலேஜ்ல ஈசிஇ மூணாவது வருஷம். கேம்பஸ்ல ஏதாவது ஐடி கம்பெனில ஏறிடுவான்னு வீட்டுல எல்லாரும் நெனச்சிட்டு இருக்காங்க, இவ என்னடான்னா மூளை ஆராய்ச்சி, கம்ப்யூட்டிங் ரெண்டும் சேந்தாப்புல மேல்படிப்பு படிக்கப் போறேங்கிறா. அக்கா என்கிட்ட தள்ளி விட்டுடுச்சு, நீதான் எந்நேரமும் நெட்ல கெடக்குறியே, விசாரிச்சு சொல்லுன்னு.

எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. 2013 வாக்குல பேப்பர்ல பெருசா வந்துச்சு, ஐரோப்பால பத்து வருஷத்துல முழு மனுச மூளையையும் சூப்பர் கம்ப்யூட்டர்ல செய்யப் போறாங்க, 100 கோடி யூரோ செலவுன்னு. அதே வருஷம் ஒபாமாவும் அமெரிக்கால ஒரு மூளைத் திட்டம் அறிவிச்சாரு. பத்து வருஷம் தாண்டிடுச்சு. அந்த மூளை எங்க? செஞ்சாங்களா இல்லையா? இத நம்பி ஒரு புள்ளைய அனுப்பலாமா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரெண்டாம்போகம்

மூளை எங்கன்னு கேக்காதீங்கண்ணே, பணம் எங்கன்னு கேளுங்க. 60 கோடி யூரோவுக்கு மேல போச்சு, இன்னைக்குக் கணக்குல 5000 கோடி ரூபாய்க்கு மேல வருது. நூத்தைம்பது இன்ஸ்டிட்யூட், 19 நாடு, வருஷா வருஷம் மாநாடு, ஆளுக்கொரு பை, கழுத்துல அட்டை. கடைசில ஒரு வெப்சைட். பெரிய பெரிய கூட்டு முயற்சின்னாலே எனக்கு அலர்ஜி, நம்ம ஊர்ல கூட்டுறவு சங்கத்த பாக்காதவங்களா நாம. புள்ளைய ஒழுங்கா வேலைக்கு அனுப்பச் சொல்லுங்க.

டிகிரி காபி

150 இன்ஸ்டிட்யூட் சேந்து ஒரு மூளை. எங்க ஆபீஸ்ல 40 பேரு சேந்தும் ஒண்ணு தேறல.

வெண்ணாற்றங்கரை

நீடாமங்கலம் பக்கம் எனக்கு, இப்ப ஜெர்மனில ஆராய்ச்சி சாஃப்ட்வேர் எழுதுற வேலை. நீங்க கேக்குறது ஹியூமன் பிரெய்ன் ப்ராஜெக்ட், நான் அதுல இருந்ததில்ல, ஆனா அதுல இருந்து வந்த டூல்ஸ தெனமும் தொடுறவன். ரெண்டாம்போகம் சொன்ன பணக்கணக்கு சரி, 60.7 கோடி யூரோ, அதுல ஐரோப்பிய யூனியன் குடுத்தது 40.6 கோடி. "கடைசில ஒரு வெப்சைட்"ங்கிறதுலதான் எனக்குத் தகராறு. வரிசையா சொன்னாத்தான் புரியும், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

சுவிட்சர்லாந்துல லோசான் நகரத்துல ஹென்றி மார்க்ரம்னு ஒரு விஞ்ஞானி. 2005-ல ஐபிஎம்மோட ப்ளூ ஜீன் மெஷின வச்சு ப்ளூ பிரெய்ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு, எலி மூளைல ஒரு துணுக்க எடுத்து அதுல இருக்கிற ஒவ்வொரு நியூரானையும், அதாவது நரம்பு செல்லையும், கணக்கா எழுதி ஓட விடுறது. அது நல்ல வேலைதான். ஆனா 2009-ல ஒரு மேடை ஏறி, பத்து வருஷத்துல மனுச மூளையையே செஞ்சிடலாம்னு சொல்லிட்டாரு பாருங்க, அதுதான் வினை. அரசாங்கம் பணம் குடுக்குறப்ப அந்த வாக்குறுதியப் பாத்துதான் குடுக்குது, பத்திரிகையும் அதத்தான் எழுதுது, அப்புறம் யாராலயும் பின்வாங்க முடியாது. 2013 அக்டோபர்ல ஹியூமன் பிரெய்ன் ப்ராஜெக்ட் ஆரம்பிச்சுது. முழுசா ஒரு வருஷம்கூட ஆகல, 2014 ஜூலைல 150-க்கு மேல விஞ்ஞானிங்க ஐரோப்பிய கமிஷனுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதுனாங்க, கையெழுத்து போகப் போக பல நூறுக்கு ஏறுச்சு. என்ன புகார்னா, நினைவு, கவனம், முடிவெடுக்கிறதுன்னு மூளை உண்மையில என்ன செய்யுதுன்னு பாக்குற ஆளுங்கள மெயின் திட்டத்துல இருந்து ஓரங்கட்டிட்டாங்க, நிர்வாகம் ரெண்டு மூணு பேரு கையில இருக்கு, அடிப்படை டேட்டாவே இல்லாம சிமுலேஷன் ஓட்டி என்ன பிரயோஜனம்னு. ஜெர்மனில யூலிஷ் ஆராய்ச்சி மையத்தோட தலைவரா இருந்த வோல்ஃப்காங் மார்க்வார்ட்ட மத்தியஸ்தம் பண்ணச் சொன்னாங்க. 2015-ல வந்த அவரோட ரிப்போர்ட் பெரும்பாலும் புகார் சொன்னவங்க பக்கந்தான். நிர்வாகத்த மாத்துனாங்க, மூளைய செய்யுறோம்ங்கிற பேச்சு மெல்ல அடங்கி, மூளைய ஆராயுறதுக்கான பொதுவான டூல்ஸ் செய்யுறோம்னு திரும்புச்சு. 2023 செப்டம்பர்ல திட்டம் முடிஞ்சுது.

ஆசைக்கும் நெசத்துக்கும் எவ்வளவு தூரம்னு பாருங்க. 2015-ல ப்ளூ பிரெய்ன் ஆளுங்க பெரிய ஆராய்ச்சிப் பேப்பர் ஒண்ணு போட்டாங்க, எலி மூளைல 31,000 நியூரான், 3.7 கோடி இணைப்பு. அதுக்கே பத்து வருஷ உழைப்பு. மனுச மூளைல 8600 கோடி நியூரான். ஜப்பான்ல கே கம்ப்யூட்டர்னு ஒண்ணு இருந்துச்சு, 2013-ல அதோட 82,944 ப்ராசஸரையும் பூட்டி 173 கோடி நியூரான் ஓட்டுனாங்க, ஒரு செகண்ட் மூளை நேரத்தக் கணக்குப் போட 40 நிமிஷம் ஆச்சு. அதுலயும் இணைப்பெல்லாம் சும்மா குலுக்கிப் போட்டது, அதனால அந்த 173 கோடியும் ஒண்ணும் யோசிக்காது. நம்ம மண்டைக்குள்ள இருக்கிறது 20 வாட்ல ஓடுது.

சாப்பாட்டு நேரம், மிச்சம் அப்புறம் எழுதுறேன்.

ரெண்டாம்போகம்

இவ்வளவு எழுதி நான் சொன்னதத்தானே நிரூபிச்சிருக்கீங்க 😀

வெண்ணாற்றங்கரை

இருங்க, இன்னும் முடிக்கல.

மிஞ்சுனது என்னன்னா, மொதல்ல வரைபடம். யூலிஷ்ல காத்ரின் அமுன்ட்ஸ் குழு, கனடா மான்ட்ரியல் ஆளுங்களோட சேந்து பிக்பிரெய்ன்னு ஒண்ணு செஞ்சாங்க. செத்துப்போன ஒரு 65 வயசு அம்மாவோட மூளைய மெழுகுல பதிச்சு 7404 சீவலா சீவி, ஒவ்வொண்ணும் 20 மைக்ரான் தடிமன், சாயம் போட்டு ஸ்கேன் பண்ணி, சீவுறப்ப கிழிஞ்சத கம்ப்யூட்டர்ல ஒட்டு போட்டு திரும்ப முழு மூளையா அடுக்குனாங்க. இது திட்டம் ஆரம்பிக்கிறதுக்கு கொஞ்சம் முன்னாடியே 2013 ஜூன்ல வந்துடுச்சு, ஆனா பின்னாடி கட்டுன அட்லஸுக்கெல்லாம் இதுதான் அஸ்திவாரம். ரெண்டாவது ஈபிரெய்ன்ஸ், ரெண்டாம்போகம் சொன்ன அந்த வெப்சைட். அதுல அட்லஸ், டேட்டா, சிமுலேஷன் சாஃப்ட்வேர் எல்லாம் சும்மா கிடைக்கும், மான்செஸ்டர்ல இருக்கிற ஸ்பின்னேக்கர் மெஷின்லகூட வேலை குடுக்கலாம். அது ஸ்டீவ் ஃபர்பர் குழு கட்டுனது, நம்ம செல்போன்ல இருக்கிற ஏஆர்எம் வகை கோர் 10 லட்சம் சேத்து மூளை மாதிரி சிக்னல் அனுப்புற கம்ப்யூட்டர். மூணாவது வலிப்பு. மார்செய்ல விக்டர் யிர்சா குழு, நோயாளியோட ஸ்கேன வச்சு அவரோட மூளைக்கு ஒரு மாடல் செஞ்சு, வலிப்பு எங்க கிளம்புதுன்னு ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டருக்கு காட்டுற முறை. பிரான்ஸ்ல பல ஆஸ்பத்திரில 350-க்கு மேல நோயாளிங்கள வச்சு ட்ரையல் நடத்துனாங்க.

என் அபிப்பிராயம், வாக்குறுதி தோத்துச்சு, வேலை தோக்கல. ஆனா ஒரு கூட்டு முயற்சி நல்லா அமைஞ்சா எப்படி இருக்கும்னு பாக்கணும்னா இத விட்டுட்டு ஐபிஎல்ல பாக்கணும்.

டிகிரி காபி

கடைசில தலைவர் சிஎஸ்கேவுக்கு வந்துட்டாரு

வெண்ணாற்றங்கரை

😂 இன்டர்நேஷனல் பிரெய்ன் லேபரட்டரிய சொன்னேன் காபி.

அவங்க 2017-ல ஆரம்பிச்சாங்க. மனுச மூளைய செய்யுறோம்னு கிளம்பல. ஒரே ஒரு கேள்வி, ஒரு எலி சின்னதா ஒரு முடிவு எடுக்குறப்ப மூளைல எங்கெங்க என்ன நடக்குது. எலி முன்னாடி ஒரு ஸ்கிரீன், இடப்பக்கமோ வலப்பக்கமோ கோடு போட்ட ஒரு வட்டம் தெரியும், எலி முன்னங்காலால ஒரு குட்டிச் சக்கரத்த உருட்டி அத நடுவுக்கு கொண்டு வரணும், வந்தா ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணி. அவ்வளவுதான் சோதனை. ஆனா எத்தனை லேபோ அத்தனைலயும் அதே சக்கரம், அதே ஸ்கிரீன், அதே பெட்டி, அதே சாஃப்ட்வேர், எலிய எப்படி பழக்கணும்ங்கிறதுகூட எழுதி வச்ச முறைதான். மொத நாலு வருஷத்துல அவங்க போட்ட முக்கியமான பேப்பர்ல ஒண்ணு என்ன தெரியுமா, ஏழு லேப்ல 140 எலிய பழக்குனோம், கத்துக்கிற வேகம் மாறுச்சு, ஆனா கத்து முடிச்சப்புறம் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி செஞ்சுச்சுன்னு. கேக்க சப்புன்னு இருக்கும். ஆனா ஒரு லேப்ல வந்த ரிசல்ட் அடுத்த லேப்ல வராம போறதுதான் இந்தத் துறைக்கே பெரிய தலைவலி.

அப்புறம் நியூரோபிக்சல்ஸ்னு முடிய விட மெல்லிசா ஒரு சிலிக்கான் ஊசி, ஒரே சமயத்துல 384 எடத்துல சிக்னல் எடுக்கும். அத எறக்கி 12 லேப், 139 எலி, 6,21,733 நியூரான், மூளைல 279 பகுதி, 2025 செப்டம்பர்ல நேச்சர் பத்திரிகைல வந்துச்சு. பாத்தா, முடிவெடுக்கிறதுன்னு தனியா ஒரு மூலை கெடையாது, அந்தச் சின்ன முடிவுக்கான சிக்னல் மூளை பூரா பரவிக் கெடக்கு. ஒரு லேப் ஒரு பகுதிய மட்டும் வருஷக்கணக்கா நோண்டிட்டு இருந்தா இது தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது.

கடைமடைக்காரன்

இப்ப எனக்கு கொஞ்சம் புரியுது தம்பி. ஒரு கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 காட்டுற நெல்லு அடுத்த ஊர்ல 19 காட்டும், அந்த ரெண்டு மீட்டரையும் எவனும் ஒத்துப் பாக்க மாட்டான், நாம மூட்டையோட மழைல நிப்போம். இவங்க மொதல்ல மீட்டர ஒத்துப் பாத்துட்டுதான் நெல்லையே கொட்டியிருக்காங்க.

ஸ்கேன் ரூம்

கும்பகோணத்துல ஒரு ஸ்கேன் சென்டர்ல டெக்னீஷியனா இருக்கேன், அண்ணன் சொன்ன மீட்டர் கதை எங்க தொழில்ல தெனமும் நடக்குது அதான் எழுதுறேன். ஒரே ஆள ஒரு கம்பெனி 1.5 டெஸ்லா (காந்த பலம்) எம்ஆர்ஐல போட்டு, அடுத்த வாரம் இன்னொரு கம்பெனி 3 டெஸ்லால போட்டா, மூளையோட மேற்புற தடிமன் கணக்கு ரெண்டுலயும் ஒரே நம்பர் வராது. அந்த ஆளு மாறல, மெஷின் மாறுச்சு. சாப்ட்வேர் அப்டேட் பண்ணாலே சில சமயம் மாறும். இதனாலதான் பல ஆஸ்பத்திரி ஸ்கேன ஒண்ணா போட்டு ஆராயணும்னா மெஷின் வித்தியாசத்த கழிக்கிறதுக்குன்னே தனி கணக்குமுறை வச்சிருக்காங்க.

இதுல எனிக்மான்னு ஒரு கூட்டமைப்பு இருக்கு, பால் தாம்சன்னு கலிஃபோர்னியா ஆளு, 2009-ல ஆரம்பிச்சது, 40-க்கு மேல நாடு. அவங்க செஞ்ச புத்திசாலித்தனம் என்னன்னா ஸ்கேன யாரும் அனுப்ப வேணாம். ப்ரோக்ராம அவங்க அனுப்புவாங்க, நீ உன் ஆஸ்பத்திரி டேட்டால அத ஓட்டு, வர்ற நம்பர மட்டும் அனுப்பு. நோயாளி படம் வெளிய போகாது, அந்தந்த நாட்டு சட்டமும் ஒத்துக்கும். சிசோஃப்ரீனியா, டிப்ரெஷன், ஓசிடின்னு நோய் வாரியா தனித்தனி குழு, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிகூட சில குழுல உண்டு. ஒரு ஆஸ்பத்திரி ஐம்பது நோயாளிய வச்சு பேப்பர் போட்டுட்டு இருந்தது, இப்ப ஆயிரக்கணக்குல.

அப்படியே படத்தையே வெளிய விடுறதா இருந்தா மொகத்த அழிச்சிட்டுதான் விடணும். நெறைய பேருக்கு இது தெரியாது. தலை எம்ஆர்ஐல மூளை மட்டும் இல்ல, மூக்கு, கன்னம், காது மடல் எல்லாமே பதிவாகும், 3டி பண்ணா ஆளு மொகம் அப்படியே தெரியும், தெரிஞ்சவங்க பாத்தா கண்டுபிடிச்சிடலாம். ஃபைலுக்குள்ள பேரு, வயசு, தேதியும் ஒட்டிக்கிட்டே வரும். அதெல்லாம் உருவிட்டு, பிட்ஸ்னு 2016-ல வந்த ஒரு ஒழுங்கு இருக்கு, ஃபோல்டருக்கு என்ன பேரு, ஃபைலுக்கு என்ன பேருன்னு எல்லாம் அதுல முடிவு பண்ணி வச்சிருக்காங்க, அதுபடி வைக்கணும். இவ்வளவுதானான்னு தோணும். நான் மொதல்ல வேலை பாத்த எடத்துல பழைய சிடில "புது ஃபோல்டர் 2", "ஃபைனல்", "ஃபைனல் ஒரிஜினல்"னு கெடக்கும், அந்த கேஸு யாருதுன்னு அந்த டெக்னீஷியன் வேலைய விட்டுப் போனா முடிஞ்சுது. உலகம் பூரா இருக்கிற லேப்லயும் இதே கூத்துதான் இருந்திருக்கு.

ரெண்டாம்போகம்

சரி இது நியாயமா இருக்கு. ஆனா ஒண்ணு, இந்த அட்லஸ்ல எல்லாம் நம்ம ஆளு மூளை இருக்கா? ஐரோப்பாக்காரி ஒருத்தியோட மூளைய வச்சு "மனுச மூளை"ன்னா எப்படி? நம்ம ஊர்ல பக்கவாதம் வந்து படுக்கிறவன், வெயில்ல வயல்ல கெடந்து, சுகருக்கு பாதி மாத்திர போட்டு, பள்ளிக்கூடமே போகாத கெழவி, இவங்க மூளை எந்த கணக்குல வருது?

மலைக்கோட்டை

நல்ல கேள்வி. கொஞ்சம் ஆரம்பிச்சிருக்காங்க.

பெங்களூரு ஐஐஎஸ்சில இருக்கிற மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டத்துல ஸ்ரீனிவாசப்புரம் பக்கத்துக் கிராமங்கள்ல 45 வயசுக்கு மேல உள்ளவங்கள வருஷக்கணக்கா தொடர்ந்து பாக்குறாங்க, 10,000 பேர் இலக்கு. ரத்தம், ஞாபக சக்தி, எம்ஆர்ஐ எல்லாம். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு தகுந்த மாதிரி கேள்விய மாத்தி வச்சிருக்காங்க. ஏன்னா வெளிநாட்டு டெஸ்ட்ட அப்படியே குடுத்தா நல்லா இருக்கிற பாட்டிக்கும் மறதி நோய்னு வந்துடும். டெல்டால இப்படி ஒண்ணு வந்தா நல்லாத்தான் இருக்கும், ஆளும் இருக்கு, மெடிக்கல் காலேஜும் இருக்கு.

இன்னொன்னு நம்ம சென்னை. ஐஐடி மெட்ராஸ்ல சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 2022-ல தொறந்தாங்க, மோகனசங்கர் சிவப்பிரகாசம் நடத்துறாரு. 2024 டிசம்பர்ல தரணின்னு ஒரு அட்லஸ் வெளியிட்டாங்க. வயித்துல நாலுல இருந்து ஆறு மாசத்துக்குள்ளயே தவறிப்போன சிசுக்களோட மூளை, 5132 சீவல், ஒவ்வொரு செல்லும் தெரியுற அளவுக்கு. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ருமேனியா, தென்னாப்பிரிக்கா ஆளுங்க கூட சேந்தாங்க, ஆனா சீவுறது, சாயம் போடுறது, ஸ்கேன், கம்ப்யூட்டிங் எல்லாம் இங்கதான். சென்னைல மெடிஸ்கேன், சவீதா மெடிக்கல் காலேஜ் ரெண்டும் கூட நின்னாங்க. அந்தப் பருவத்து மூளைதான் அசுர வேகத்துல வளரும், அந்த வயசுக்கு இவ்வளவு நுணுக்கமா படம் உலகத்துல இதுக்கு முன்னாடி இல்ல. யார் வேணா நெட்ல போய் பாக்கலாம், நான் பாத்தேன், ஜூம் பண்ணப் பண்ண போய்க்கிட்டே இருக்கு. அந்தத் தாய்மாருங்க ஒத்துக்கிட்டுக் குடுத்ததாலதான் இது நடந்துச்சு, இத ஒரு தடவ நெனச்சுட்டுப் பாக்கணும்.

கம்ப்யூட்டர்னு பாத்தா துவாக்குடில நம்ம என்ஐடிலயே பரம் பொருள்னு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கு, 838 டெராஃப்ளாப்ஸ் (செகண்டுக்கு 838 லட்சம் கோடி கணக்கு), 2022 மே மாசம் வந்தது. நான் எம்டெக் படிக்கிறப்ப அதுல வேலை ஓட்டியிருக்கேன் (மூளை இல்ல, காத்து ஓட்டக் கணக்கு). வரிசைல போட்டுட்டு வீட்டுக்கு வந்துடலாம், அது பாட்டுக்கு ராத்திரி ஓடும்.

வலங்கைமான் டீச்சர்

எல்லாரும் பெரிய மெஷின் பத்தியே பேசுறீங்க, மனுசங்க கண்ணு செஞ்ச வேலைய யாரும் சொல்லலையே.

நான் அரசு மேல்நிலைப் பள்ளில விலங்கியல் எடுக்குறேன். கொரோனா லாக்டவுன்ல ஐவயர்னு ஒரு விளையாட்டு ஆடுனேன். விளையாட்டுன்னா விளையாட்டு இல்ல, எலியோட விழித்திரைய மின்னணு நுண்ணோக்கில எடுத்த சாம்பல் கலர் படம், அடுக்கு அடுக்கா வரும். ஒரு கிளைக்கு கம்ப்யூட்டரே நீல கலர் அடிச்சு வச்சிருக்கும், அது எங்க விட்டுப் போச்சோ அங்க இருந்து நாம தொடரணும். மெளசால படத்த மேலயும் கீழயும் தள்ளிக்கிட்டே போனா ஒரு சின்னப் புள்ளி அடுத்தடுத்த அடுக்குல நகந்து போகும், நடுவுல படம் மங்கலாகும், பக்கத்துல இன்னொரு கிளை உரசிட்டுப் போகும், கம்ப்யூட்டர் அங்கதான் ரெண்டையும் ஒண்ணா ஒட்டிடும், நாம பிரிக்கணும். ஒரே கனசதுரத்த பல பேரு பண்ணுவாங்க, பெரும்பான்மை எதுவோ அது நிக்கும். எங்க வீட்டுக்காரர் மும்முனை கரண்டு வர்ற நேரத்துக்கு மோட்டார் போட ராத்திரி முழிச்சிருப்பாரு, நானும் கூட ஒக்காந்து நரம்பு கோத்துட்டு இருப்பேன். எனக்கு போலந்துல ஒரு அம்மா, பிரேசில்ல ஒரு பையன்னு சாட்ல பழக்கம்.

செபாஸ்டியன் சங்னு ஒருத்தர் குழு 2012-ல ஆரம்பிச்சது அது. அதே ஆளு, பிரின்ஸ்டன்ல மாலா மூர்த்தி ரெண்டு பேரும் நடத்துன ஃப்ளைவயர்தான் 2024 அக்டோபர்ல பழ ஈயோட மொத்த மூளையையும் இணைப்பு இணைப்பா வரைஞ்சு முடிச்சுது. 1,39,255 நியூரான், 5 கோடிக்கு மேல இணைப்பு. படம் எடுத்தது அமெரிக்கால ஜனீலியா ஆராய்ச்சி மையம், நரம்புக் கிளைய தேடுனது கம்ப்யூட்டர், செல்லுக்கெல்லாம் வகை பிரிச்சுப் பேரு வச்சதுல கேம்பிரிட்ஜ்காரங்க பங்கு பெருசு, தப்பு திருத்துனது பல நாட்டு லேப் ஆளுங்களும் எங்கள மாதிரி ஆடுனவங்கள்ல கெட்டிக்காரங்களும். ஒரே ஆளு ஒக்காந்து திருத்தியிருந்தா 33 வருஷம் ஆகியிருக்குமாம். மொத மொதல்ல இப்படி முழுசா முடிச்சது 1986-ல ஒரு புழு, மொத்தமே 302 நியூரான், கையால வரைஞ்சே பல வருஷம் ஆச்சு.

நான் ஈல எதுவும் செய்யல, எலி விழித்திரையோட சரி. பத்தாம் வகுப்பு பசங்களுக்கு நியூரான் படம் போடுறப்ப இப்பல்லாம் கை தானா நெளிவு சுளிவோட போடுது.

மூணாவது வருஷம்

மாமா இங்க போட்டத இப்பதான் பாத்தேன், அந்த அக்கா மக நான்தான் 🙏 எல்லாருக்கும் நன்றி.

எனக்கு இந்த ஆசை எப்படி வந்துச்சுன்னா, ஈசிஜி சிக்னல்ல நாய்ஸ் எடுக்குற ஒரு மினி ப்ராஜெக்ட் பண்ணோம், அதே கணக்க நியூரான் சிக்னலுக்கும் போடலாம்னு சார் சொன்னாரு, தேடித் தேடிப் படிச்சு இங்க வந்து நிக்கிறேன். ஒரு சந்தேகம். டீச்சர் சொன்ன அந்தப் புழுவோட வயரிங் 1986-லயே முழுசா தெரியும்ல, ஆனா அது அடுத்து எந்தப் பக்கம் திரும்பும்னு இன்னும் சரியா சொல்ல முடியலன்னு படிச்சேன். அப்ப வயரிங் மேப்புக்கு இவ்வளவு பேரு இவ்வளவு வருஷம் செலவு பண்றது வீண் இல்லையா?

வெண்ணாற்றங்கரை

இத கேட்டுட்டம்மா, உனக்கு இந்தத் துறை சரியா வரும்.

வயரிங் தெரிஞ்சா மட்டும் போதாது, நெசம். எந்த இணைப்பு எவ்வளவு பலம், எது தூண்டும், எது அடக்கும், நடுவுல ஹார்மோன் மாதிரி கரைஞ்சு வந்து எல்லாத்தையும் மாத்துற கெமிக்கல் எது, இதெல்லாம் படத்துல தெரியாது. அதனாலதான் மைக்ரான்ஸ்னு அமெரிக்கால ஒரு திட்டத்துல ரெண்டையும் சேத்து செஞ்சாங்க. உயிரோட இருக்கிற எலிக்கு வீடியோ போட்டுக் காட்டி 75,000 நியூரான் எப்ப மின்னுதுன்னு பதிவு பண்ணிட்டு, அப்புறம் அதே எலியோட அதே துணுக்க, ஒரு கன மில்லிமீட்டர், 28,000 சீவலா சீவி வயரிங் எடுத்தாங்க. 52.3 கோடி இணைப்பு, 1.6 பெட்டாபைட் டேட்டா, அதாவது 16 லட்சம் ஜிபி. 2025 ஏப்ரல்ல வந்துச்சு. ஒரு மணல் பருக்கை அளவு அது.

ஆனா வீண்னு சொல்லிட முடியாது. ஃப்ளைவயர் மேப்ப வச்சு ஒரு குழு ஒரு சுலபமான மாடல் செஞ்சாங்க. எல்லா நியூரானுக்கும் ஒரே எளிய சமன்பாடு, ரெண்டு நியூரானுக்கு நடுவுல எத்தனை இணைப்போ அதுதான் பலம், தூண்டுதா அடக்குதாங்கிறது மட்டும் கம்ப்யூட்டர் ஊகிச்சது. அதுல சக்கரை ருசி நியூரான உசுப்பி விட்டா, ஈ உறிஞ்சுகுழாய நீட்டுற தசைக்குப் போற நியூரான் தானா துடிக்குது. யாரும் அப்படி எழுதி வைக்கல, வயரிங்லயே இருந்திருக்கு. கசப்பு சேத்தா அடங்குது. நெஜ ஈல சோதிச்சுப் பாத்தப்ப பெரும்பாலும் ஒத்துப்போச்சு. இது ஓடுறதுக்கு சூப்பர் கம்ப்யூட்டரே வேணாம், லேப்டாப் போதும், ப்ரோக்ராம் சும்மா கிடைக்குது, பைதான்ல பிரையன்னு ஒரு சிமுலேட்டர்ல எழுதுனது. செமஸ்டர் லீவுல அத ஓட்டிப் பாரு. அப்புறம் ஐபிஎல்லோட டேட்டாவும் பொதுல இருக்கு, நியூரோபிக்சல்ஸ் சிக்னல எறக்கி உன் ஈசிஜி ஃபில்டர அதுல போட்டுப் பாரு, எங்க ஒடையுதோ அங்கதான் உன் ப்ராஜெக்ட் இருக்கு.

ரெண்டாம்போகம்

தங்கச்சி நல்லா படிக்கட்டும், நான் குறுக்க நிக்கல. ஆனா வேலை? அமெரிக்கால அந்த ஒபாமா திட்டத்துக்கே பணத்த வெட்டிட்டாங்களே.

வெண்ணாற்றங்கரை

வெட்டுனாங்க, 2024-ல 68 கோடி டாலர்ல இருந்து 40 கோடிக்கு. மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. அதனாலதான் "மூளை"ன்னு பேரு இருக்கிற கோர்ஸ தேடி காசு கட்டாதன்னு சொல்றேன். சிக்னல் ப்ராசஸிங், புள்ளியியல், நல்லா பைதான், பெரிய டேட்டாவ ஒழுங்கா வைக்கத் தெரியறது, இது நாலும் இருந்தா மூளை லேப்லயும் வேலை இருக்கு, அங்க பணம் வத்துனா எம்ஆர்ஐ மெஷின் செய்யுற கம்பெனிலயும் வேலை இருக்கு. எங்க லேப்ல டாக்டரவிட இன்ஜினியருங்க அதிகம்.

கடைமடைக்காரன்

எல்லாத்தையும் அக்காகிட்ட படிச்சுக் காட்டுனேன். ஈ, எலி, புழு எல்லாம் பொறுமையா கேட்டுச்சு. கடைசில ஒரே கேள்வி, படிக்கிற காலத்துல கைல காசு வருமா, நாங்கதான் கட்டிக்கிட்டே இருக்கணுமா?

மலைக்கோட்டை

கேட் நுழைவுத் தேர்வு எழுதி அரசு காலேஜ்ல எம்டெக் சேந்தா மாசம் 12,400. அதுக்கப்புறம் பிஎச்டிக்கு ஜேஆர்எஃப்ங்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா 37,000, ரெண்டு வருஷம் கழிச்சு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. சில மாசம் லேட்டா வரும், அதுக்கு தயாரா இருக்கச் சொல்லுங்க.

கடைமடைக்காரன்

37-ன்னதும் அக்கா டிவிய அணைச்சிட்டு வந்து ஒக்காந்துடுச்சு. கேட் பரீட்சைக்கு எப்ப அப்ளை பண்ணணும்?

மூணாவது வருஷம்

மாமா அது வழக்கமா ஆகஸ்ட் செப்டம்பர்ல வரும், நான் பாத்துக்கிறேன். வெண்ணாற்றங்கரை அண்ணா, பிரையன் இன்ஸ்டால் ஆயிடுச்சு, ஈயோட ஃபைல் எறங்கிட்டு இருக்கு.